ரெங்கராஜின் எக்ஸ்ரே

ரூவி, மஸ்கட்
12.10.1996

அன்பு மகன் இர்ஷாத்துக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி ருமைஸாவும் சுகம், அமெரிக்காவில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் பார்சல் வந்த நாளிலிருந்து எனக்கு இரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதி, பக்கத்துக் கடை பேக்ஸில் அனுப்புகிறேன்.

நான் அனுப்பிய எக்ஸ்ரேயை அப்படியே திருப்பி அனுப்பி, வாப்பா எனக்கு இதைப் பார்க்கத் தெரியாது, நான் படிப்பது வைத்தியம் இல்லை, மெடிக்கல் காலேஜ்களின் சரித்திரம் என்று நாலு வரி, கூடவே உன் ஆராய்ச்சி என்று இங்கிலீஷில் முப்பது பக்கம். மூன்று வருஷமாக நீ டாக்டரேட் என்றது என் காதில் டாக்டர் என்றுதான் விழுந்தது, நம் கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொன்னேன், ஒரு தடவையாவது இல்லை வாப்பா என்று திருத்தியிருக்கலாமே. ருமைஸா முப்பது பக்கத்தையும் தமிழில் சொன்னாள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மெடிக்கல் காலேஜ், இக்கரையில் ஒரு காலேஜ், பிள்ளைகளை இழுக்க ஒருத்தர் பீஸைக் குறைக்க மற்றவர் படிப்பையே குறைக்க, இரண்டே குளிர்காலம் பாடம், அதிலும் இரண்டாவது தடவை நடத்தியது முதல் தடவை நடத்திய அதே பாடம், நோயாளியைத் தொடாமலே கையில் பட்டம். புரொபசர்கள் ஒருவரையொருவர் போலி என்று பேப்பரில் திட்டிக்கொண்டார்களாம். ரூவியில் எதிரெதிர் கடைக்காரர்கள்கூட இதைவிட மரியாதையாகச் சண்டை போடுவார்கள். இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனாய்?

ரெங்கராஜை உனக்குத் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், சைட்டில் கம்பி கட்டுகிறவன், வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வருவான். விடாத இருமல். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்ப வரச் சொன்னதற்கு, அங்கே போகாமல் படத்தை என்னிடம் கொண்டுவந்து, தம்பி பாத்துச் சொன்னாப் போதும் பாய் என்றான். நானும் பெருமையாக வாங்கி உனக்கு அனுப்பினேன். உன் பதில் வரும்வரை ஏழு வாரம் இருமிக்கொண்டே கம்பி கட்டியிருக்கிறான். பார்சல் வந்த மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டி.பி. ஆறு மாதம் மாத்திரை, கம்பெனி ஊருக்கு அனுப்பினாலும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தக் காலேஜ்களுக்கு ஆளை டாக்டர் ஆக்க இரண்டு குளிர்காலமாவது ஆனது, நான் உன்னை ஒரு போன் பேச்சிலேயே ஆக்கிவிட்டேன். உன்னைத் திட்டுகிறேனே தவிர தப்பு என்னுடையதும்தான்.

அவனிடம் உண்மையைச் சொன்னேன். தம்பிக்கு நேரமில்லைன்னு சொல்லுங்க பாய், டாக்டருக்குப் படிக்கலைன்னு சொல்லாதீங்க என்கிறான். தம்பி கையால எழுதி வரட்டும், அதுவரைக்கும் வேணாம் என்று மாத்திரைகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். ஊரில் மனைவி கருப்பாயியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இவனை நம்பி இருக்கிறார்கள். இந்த மனுஷனை என்ன செய்ய, சொல்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, உம்மா ஸலாம் சொன்னாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். இதைப் படித்த கையோடு ரெங்கராஜ் பெயருக்குத் தமிழில், பெரிய எழுத்தில், மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிடு என்று எழுதி பேக்ஸில் அனுப்பு. அந்தப் புரொபசர்களைத் திட்டிய அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன்: கீழே டாக்டர் இர்ஷாத் என்று கையெழுத்துப் போடு.

துஆவுடன்,
உன் வாப்பா
சாதிக் பாட்ஷா