அவனுக்காகப் பார்த்த படங்கள்

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று மறுபடியும் பாலாய் செனி. தேசிய ஓவியக் கூடம் என்று சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது, பாலாய் செனி என்றால்தான் கிராப் டாக்சி ஓட்டுநருக்கும் புரிகிறது. வளைந்து வளைந்து மேலே ஏறும் பாதையில் மெதுவாக நடந்தேன். ஒரு பெரிய படம், முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு மூலையில் மட்டும் யாரோ மஞ்சள் கையைத் துடைத்துவிட்டுப் போனதுபோல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதை அப்படியே திருவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "மஞ்சள்னா எந்த மஞ்சள்? எலுமிச்சையா, மாம்பழமா?"

"சாம்பார்" என்றேன்.

சிரித்தான். பின்னால் இன்ஜின் சத்தம்.

படம் பார்க்கத் தெரிந்தவன் அவன்தான். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேராமல் கப்பல் வேலைக்குப் போனான். அப்பா இல்லாத வீடு, தங்கை படிக்க வேண்டும். நான் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க மியூசியம் நெறைய இருக்காம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லு. நான் பாக்குறது தண்ணி மட்டுந்தான்."

அவன் அக்கரைப்பேட்டை, நான் நாகூர். நடுவில் நாகப்பட்டினம் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் எங்களைப் பற்றித் தெரியாது. திருமுருகன் என்ற பெயரை வாப்பா முன்னால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பிப்ரவரி 21, புதன்

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவன் செய்தி.

"ஆயிஷா, ரூட்டை மாத்திட்டாங்க. ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகலையாம். செங்கடல் வழியாத்தான். வேணாம்ங்கிறவங்க இறங்கிக்கலாம்னாங்க, ரெண்டு பேரு இறங்கிட்டாங்க. நான் இறங்கல. இறங்கினா அடுத்து எவன் கூப்பிடுவான்? கொஞ்ச நாள் போன் இருக்காது. பயப்படாதே."

பயப்படாதே என்று அவன் இதுவரை சொன்னதே இல்லை. அந்தப் பக்கம் போகிற சரக்குக் கப்பல்களின் மேல் ஏவுகணை விழுகிறது என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். அவனும் கேட்டிருப்பான்.

"இறங்கிடு" என்று அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக்.

பிப்ரவரி 22, வியாழன்

ஒற்றை டிக்.

பிப்ரவரி 25, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்தேன். ஆனால் இன்று போகவில்லை என்றால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றிவிட்டது. இது என்ன கிறுக்கு? தெரிகிறது. ஆனாலும் போனேன்.

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். கே.எல். சென்ட்ரலில் ஏறினால் கோமுட்டர் ரயிலில் ஒரே ஸ்டேஷன். அங்கே ஒரு கூடத்தில் குவிமாடம் தலைகீழாகத் தொங்குகிறது, வெள்ளையும் பொன்னுமாக. எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அது ஒரு பெரிய சட்டி மாதிரி இருந்தது. நிறைய எதையோ வைத்துக்கொண்டு இப்போது கொட்டுமா, அப்புறம் கொட்டுமா என்று. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அதையும் குரலில் பேசி அனுப்பினேன். நடுவில் குரல் நடுங்கியது, அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். போன வாரத்துச் செய்திகளும் இதுவுமாக ஒற்றை டிக்குகள் வரிசையாக நிற்கின்றன.

கப்பல்களை வரைபடத்தில் காட்டும் இணையதளத்தில் தேடினேன். அவன் கப்பல் இல்லை. அந்த வழியில் போகிறவர்கள் சிக்னலை அணைத்துவிடுவார்கள் என்று திரு முன்பே சொல்லியிருக்கிறான். அதனால் இல்லை. அதனால்தான் இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

கப்பல் அடிபட்டுவிட்டது.

பக்கத்து இருக்கைப் பெண் போனில் வாசித்துக்கொண்டே, "இந்தியாக்காரங்களும் இருக்காங்களாம் இதுல" என்று சாதாரணமாகக் காட்டினாள். அவன் கப்பலின் பெயரேதான். எழுத்தெழுத்தாகப் படித்தேன், வேறு ஏதாவது ஒரு எழுத்து இருக்காதா என்று. புகை வருகிற படம் ஒன்று போட்டிருந்தார்கள். இன்ஜின் பக்கம். அவன் வேலை செய்வது இன்ஜின் ரூமில்.

மற்றவர்களை மீட்டுவிட்டார்களாம். இரண்டு பேரைக் காணவில்லை. பெயர் போடவில்லை.

மும்பையில் இருக்கிற ஏஜென்ட் அலுவலகத்தைப் பிடித்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நீங்கள் மனைவியா? இல்லை. தங்கையா? இல்லை. அப்படியென்றால் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும்.

நான் யாரு? யாருன்னு சொல்றது? நாலு வருஷமா பேசிட்டிருக்கோம்னு சொன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கா?

பிப்ரவரி 28, புதன்

நான் குடியிருக்கும் அறை இந்த ஊர்த் தமிழரான லோகேஸ்வரி அக்கா வீட்டு மேல்மாடி. காலையில் நான் கீழே வராததால் அவரே ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாளில் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "படுத்துக் கெடந்தா என்ன லா தெரியப்போவுது? கிளம்பு. என் தம்பி பண்டமாரான்ல இருக்கான், போர்ட்ல லோரி ஓட்டுறான். கப்பல்காரங்க வந்து போற சென்டர் ஒண்ணு இருக்கு, அவனுக்குத் தெரியும்."

துறைமுகம் இருக்கிற போர்ட் கிள்ளான் வரை கோமுட்டரில் போனோம். அக்காவின் தம்பி தம்புசாமி அண்ணன் ஸ்டேஷனிலேயே நின்றிருந்தார். அந்த சென்டரில் ஒரு ஹால், கேரம் போர்டு, சுவரோரம் சார்ஜருக்குப் பக்கத்தில் நாலைந்து மாலுமிகள். எல்லோர் கையிலும் போன், எல்லோரும் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அங்கே பொறுப்பில் இருந்தவர் இரண்டு மூன்று இடங்களுக்குப் பேசிப் பார்த்தார். மீட்டவர்களை ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிற ஜிபூட்டிக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுவரைதான் தெரிந்தது. பெயர் இல்லை.

திரும்பும்போது தம்புசாமி அண்ணன் கேட்டார். "தங்கச்சி, ஆள் பேரு வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்வாங்க. அவங்க அம்மாகிட்ட பேசிட்டியா?"

"அவங்களுக்கு என்னைத் தெரியாது அண்ணே."

"இப்ப அதெல்லாமா பாக்குறது."

பிப்ரவரி 29, வியாழன்

எண் என்னிடம் இருந்தது. ஒருமுறை அவன் போன் கெட்டுப்போனபோது அம்மா போனிலிருந்து அழைத்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரே பேச்சுக் குரல். யாரோ, "வெளிநாட்டு நம்பரு, வெளிநாட்டு நம்பரு" என்றார்கள். சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. அந்த வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு இங்கே கேட்டது.

"ஐயா, எம் புள்ள இருக்கானாய்யா?"

கம்பெனிக்காரர்கள் என்று நினைத்துவிட்டார் அவன் அம்மா. நான் இதை யோசிக்கவே இல்லை. மலேசியா எண் அங்கே எப்படி ஒலிக்கும் என்று யோசிக்கவே இல்லை.

"அம்மா, நான் கம்பெனி இல்ல. நான்... நானும் அதைக் கேக்கத்தாம்மா பண்ணினேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது. பிறகு அவன் தங்கை விஷ்ணுப்ரியா போனை வாங்கினாள். "யாருங்க நீங்க? சேதி இல்லைன்னா எதுக்குப் போன் பண்றீங்க? நாங்க இருக்கிற நெலம தெரியுமா?"

வைத்துவிட்டாள். அவள் செய்தது சரிதான்.

மார்ச் 1, வெள்ளி

அம்மாவே அழைத்தார். பெயர் அமுதவள்ளி என்று தெரியும், ஆனால் எப்படிக் கூப்பிடுவது? அம்மா என்றே சொன்னேன்.

"நேத்து புள்ள கட் பண்ணிட்டா. தப்பா நெனைக்காத. நீ யாருன்னு சொல்லு."

சொன்னேன். பெயர், ஊர், எத்தனை வருடம் என்பது எல்லாம். நாகூர் என்றதும் குறுக்கே கேட்டார்.

"உங்க வீட்ல தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ம்." பிறகு, "கடைசியா உங்கிட்ட என்ன சொன்னான்?"

"பயப்படாதேன்னு சொன்னாரு."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னான்" என்றார். அவர் கணவரும் கடலோடு போனவர், சுனாமியில். காணாமல் போன இரண்டு பேரில் அவனும் ஒருவன் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம். வைக்கும்போது, "நாளைக்கும் பண்ணு" என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

இல்ஹாம் கேலரி. போனேன். ஏன் போனேன் என்று என்னையே கேட்காமல் போனேன்.

ஒரு படத்தின் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதைத் திருவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பார்த்திருக்கிறேன். இன்று சொல்ல ஆளில்லாமல் அந்தப் படம் சும்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் தெரியாது. சிவப்பு இருந்தது.

அவன் பழைய குரல் செய்தி ஒன்றைப் போடலாம் என்று போனை எடுத்தேன். விரல் போகவில்லை. இறந்தவர்களின் குரலைத்தான் மனிதர்கள் அப்படிப் போட்டுக் கேட்பார்கள். நான் போட்டுவிட்டால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும்.

காவலில் இருந்த மலாய் ஆன்டி பக்கத்தில் வந்து, "அடிக், ஓகே கே?" என்றார், தங்கச்சி நல்லாயிருக்கியா என்று. ஓகே என்றேன். அவர் நம்பவில்லை. நான் கிளம்பும்வரை அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

மார்ச் 5, செவ்வாய்

காணாமல் போன இரண்டு பேரில் ஒருவர் கிடைத்துவிட்டாராம். உயிரில்லாமல்.

பேரு சொல்லலை. விஷ்ணுப்ரியாதான் போன் பண்ணினா, அழுதுகிட்டே. கம்பெனியிலேர்ந்து பேசினாங்களாம், உறுதி பண்ணிட்டுச் சொல்றோம், வெயிட் பண்ணுங்கன்னாங்களாம். எதை வெயிட் பண்றது. எப்படி. அம்மா வாசப்படியிலேயே உக்காந்திருக்காங்களாம், யாரு கூப்பிட்டாலும் உள்ள வரலையாம்.

தொழுதேன். துஆவில் என்ன கேட்டேன்? அது அவனாக இருக்கக் கூடாது என்று கேட்டேன். அப்படியென்றால் வேறொருவராக இருக்கட்டும் என்றுதானே அர்த்தம். அந்த வேறொருவருக்கும் ஒரு வீடு இருக்கும். தெரிந்துதான் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். யா அல்லாஹ், என்னை என்னவென்று நினைப்பாய்.

போதும்.

மார்ச் 6, புதன்

இருக்கான்.

மார்ச் 7, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் விஷ்ணுப்ரியா அழைத்தாள். "அக்கா, அண்ணன் இருக்கு" என்றாள். என்னை அவள் அக்கா என்று கூப்பிட்டதே எனக்கு ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. அவனை முதலிலேயே வேறொரு கப்பல்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள். நினைவில்லாமல் கிடந்ததால் யார் என்று தெரியாமல் ஜிபூட்டி ஆஸ்பத்திரியில் பெயரில்லாமல் படுத்திருந்திருக்கிறான். கண் திறந்து அவனே பெயர் சொன்ன பிறகுதான் தெரிந்ததாம்.

இறந்துபோனவர் பிலிப்பைன்ஸ்காரர், அவனோடு இன்ஜின் ரூமில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். அந்த வீட்டிலும் யாரோ என்னைப் போலவே கேட்டிருப்பார்கள்.

லோகேஸ்வரி அக்கா கேசரி செய்து தட்டை நீட்டினார். வாங்கும்போதுதான் அழுகை வந்தது. அக்காவும் அழுதார். பிறகு, "சூடா இருக்கு, சாப்பிடு லா" என்றார்.

மார்ச் 14, வியாழன்

மூன்றாவது நோன்பு. திரு ஊருக்கு வந்துவிட்டான். இன்று வீடியோவில் பார்த்தேன். தாடியோடு, இளைத்துப்போய். இடது காது கேட்கவில்லை, வலது பக்கம் திரும்பித்தான் பேசுகிறான். அதனால் பாதி நேரம் முகம் தெரியவில்லை.

ஏதாவது பேசு என்றேன். "நீ வச்சிராத, அது போதும்" என்றான். கதவு சாத்துகிற சத்தத்துக்கு அப்படியே விறைத்துப்போனான். அவன் அம்மா வந்து தோளில் கை வைத்தார். போனில் என்னைப் பார்த்து, "சாப்பிடவே மாட்டேங்கிறான், சொல்லு" என்றார்.

அவன் கிடைத்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அவன் முழுதாகத் திரும்பி வந்துவிட்டானா என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 24, ஞாயிறு

இந்த வாரம் எங்கே போகட்டும் என்று கேட்டேன். "எனக்காகப் போகாத ஆயிஷா. எதைக் கேட்டாலும் எங்கூட வேலை செஞ்சு செத்துப்போன அந்த மனுஷன் மொகந்தான் வருது" என்றான்.

போகவில்லை. முதல் தடவையாக ஒரு ஞாயிறு முழுக்க அறையிலேயே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 10, புதன்

இங்கே இன்று ஹரி ராயா, ஊரில் நாளைதான் பெருநாள். தொழுதுவிட்டு வந்து வாப்பாவுக்கு அழைத்தேன். சலாம், வாழ்த்து, உம்மா சுகம், கடை சுகம். அவர் வைக்கப்போகும்போது சொல்லிவிட்டேன்.

"வாப்பா, செங்கடல்ல அடிபட்ட கப்பல்ல நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தர் இருந்தாருல்ல."

"ஆமா, அக்கரைப்பேட்டைப் புள்ள. பேப்பர்ல வந்துச்சே."

"அவரு..." அதற்கு மேல் வாய் வரவில்லை. பின்னால் உம்மா யாரையோ அரிசி மாவு சலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அதான் ஒரு மாசமா உன் குரலே சரியில்லையா" என்றார் கடைசியில்.

"மன்னிச்சிருங்க வாப்பா."

"இப்ப எப்படி இருக்கு அந்தப் புள்ள?"

"ஒரு காது கேக்கல. சத்தம்னா பயப்படுறாரு."

"பேரு?"

"திருமுருகன்."

நீண்ட மூச்சு ஒன்று விட்டார். "உம்மாகிட்ட இப்பச் சொல்லாத. பெருநாள் கழியட்டும். எனக்கே இன்னும் ஒண்ணும் சொல்லத் தெரியல." நான் சரி என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அக்கரைப்பேட்டையில எந்தத் தெரு?"

"எதுக்கு வாப்பா?"

"அடிபட்டு வந்த புள்ளைய ஒரு தடவை போய்ப் பாக்க வேணாமா" என்றார்.