மேட்டில் நீ நின்ற இடங்கள்

ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் போடும் பருவம் வந்துவிட்டது. நேற்று அவற்றோடு ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போட்டுக்கொள்ளும் சாம்பல் நிற ஜாக்கெட்டையும் எடுத்து உதறினேன். பையிலிருந்து காய்ந்து சுருண்ட கின்னோ ஆரஞ்சுப் பழத்தோல் விழுந்தது. மோந்து பார்த்தேன், இன்னும் லேசாக மணக்கிறது. போன குளிர்காலத்தில் நீ உரித்துக் கொடுத்த பழம். காட்டுக்குள் தோலைப் போடக்கூடாது, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது குழந்தைகளுக்கு நீ போட்ட சட்டம். நான் கொண்டுவந்துவிட்டுக் குப்பையில் போட மறந்திருக்கிறேன்.

அப்போதிருந்து எனக்கு உட்காரவே முடியவில்லை. இதைக்கூட அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உனக்குத்தான் தெரியுமே, என் கால் ஓரிடத்தில் நிற்காது.

தலைநகரத்து மோதி பாக் குவார்ட்டர்ஸில் ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீடாக இருந்தோம். பிள்ளைகள் எல்லாம் மொபைலே கதியென்று கிடக்கிறார்கள் என்று நீதான் ஆறு குடும்பங்களைத் திரட்டி ரிட்ஜ் காட்டுக்கு இழுத்துப் போனாய். சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும் மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் சின்னக் குட்டை, அதைத் தாண்டினால் ஒரே ஒரு மேடு. நடை பழகும் குழந்தையும் போகலாம், முட்டிவலிக்காரரும் போகலாம். முதல் நாள் அந்த மேட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுவாட்டி மலை? எங்க அம்பாசமுத்திரத்துல இதுக்குப் பேரே கிடையாது."

"தஞ்சாவூர்க்காரிக்கு இதுதான்டி இமயமலை. பேசாம ஏறு" என்றாய்.

நான் முன்னால், நீ கடைசியில். அதுதான் நம் ஏற்பாடு. யாராவது ஒருவர் பின்னால் வந்தால்தான் குழந்தைகள் வழிதவறிப் போகாது என்று நீயே அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். உன் நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு என்ன, முன்னால் விட்டால் போதும். விறுவிறுவென்று போய் உச்சியில் நின்றுகொண்டு, "ஜல்தி வாங்க, ஜல்தி!" என்று கத்துவேன். ஒருநாளும் இறங்கிவந்து உன்னோடு நடந்ததில்லை.

போன வருஷத் தீபாவளி கழிந்த பிறகு உனக்குப் புதிதாகப் பறவைப் பித்துப் பிடித்தது. மேட்டில் நாலு எட்டு வைப்பதற்குள், "ஒரு நிமிஷம், மரங்கொத்தி!" என்று நின்றுவிடுவாய். கூட்டம் மொத்தமும் நிற்கும். குழந்தைகள் மரத்தை அண்ணாந்து பார்க்கும்.

"எங்கட்டி மரங்கொத்தி?"

"பறந்துடுத்துடி."

இன்னும் கொஞ்சம் போனதும் மயில். அதற்கப்புறம் பெயரில்லாத ஏதோ ஒன்று. உனக்கு மைனாவுக்கும் தவிட்டுக்குருவிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எரிச்சலில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன், "உன்னைக் கூட்டிட்டு வந்தா விடிஞ்ச மாதிரிதான்." நீ சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் நெற்றியைத் துடைத்தாய். ஜனவரி மாதம். பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிர். உனக்கு வேர்த்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ரெண்டு ஸ்வெட்டர் எதுக்குட்டிப் போடுத?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன்.

ஹோலிக்கு முந்தின வாரம் நீ போய்விட்டாய். ரொம்ப நாளாகவே இதயத்தில் அடைப்பு இருந்திருக்கும், மூச்சு வாங்கியிருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டிச் சொன்னார்: "வாராவாரம் இவங்களோட மேடு ஏறினவ சார் அவ." நம் நடையை அவர் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடம்தான் மரங்கொத்தி எனக்குப் புரிந்தது.

சரி, நீ போனபின் பேசி என்ன ஆகப்போகிறது என்று மறைத்தேன். ஆனால் போன வாரம் உன் மகள் வந்தாள். மெட்ரோ படி ஏறினால் அவளுக்கு நெஞ்சை அடைக்கிறதாம். அம்மாவுக்கு எப்போதிலிருந்து இருந்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"சச் சச் சொல்லுங்க ஆன்ட்டி, மறைக்காம உண்மையைச் சொல்லுங்க, நடக்கறப்போ அம்மாவுக்கு ஏதாவது ப்ராப்ளம் இருந்துதா?"

"உங்கம்மைக்கா? அவ என்னை விட நல்லா நடப்பாளே!"

பொய் எவ்வளவு சுளுவாக வந்தது பார். 'ஆமாம்' என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பார்த்து வரும் என்ற பயம். அவள் டாக்டரிடம் என் பொய்யைத்தான் போய்ச் சொல்லுவாள். அவள் உயிரைவிடவா என் மானம் பெரிது? வாரம் முழுக்க அடுக்களைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். காய்கறி விற்கிற பையாவிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். நேற்று அந்தத் தோல் விழுந்ததும் இனி தாங்காது என்று அவளுக்கு போன் செய்து, காலையில் குட்டைக்கரைக்கு வரச் சொன்னேன்.

இன்று காலை வந்தாள். மேட்டில் ஏற விடவில்லை. கீழே நின்றபடியே கையை நீட்டிக் காட்டினேன். "அந்த வளைவுல ஒருதரம் நிப்பா உங்கம்மை, அந்தப் பாறையில ஒருதரம், அந்தக் கருவேலத்தடியில ஒருதரம். பறவை பாக்கேன்னு சொல்லுவா, பறவை ஒண்ணும் கிடையாது, புள்ள. மூச்சு வாங்கத்தான் நின்னுருக்கா. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா முகத்தை நீங்க பாக்கவே இல்லியா ஆன்ட்டி?"

"பாத்தேன். ஸ்வெட்டரால வேர்க்குன்னு நினைச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மொபைலை எடுத்து, "எப்போலேருந்து? எத்தனை தடவை நிப்பாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். டாக்டரிடம் காட்டுவதற்கு. பிறகு திரையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "நானும் அப்படித்தான் ஆன்ட்டி. படியில நின்னு மெசேஜ் பாக்கற மாதிரி ஆக்டிங். பின்னாடி வர்றவங்க திட்டுவாங்கள்ல, அதான்."

திட்டுவார்களே என்று. உன்னைத் திட்டியவள் நான்தானே. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. உன்மேல் கோபமும் வந்தது, சொல்லியிருக்கலாமேடி என்று. சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா? எனக்கே தெரியவில்லை. அதுதான் இன்னும் உள்ளே கிடந்து குத்துகிறது.

நாளைக்கு அவளுக்கு டெஸ்ட். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டேன், கூடப் போகிறேன்.

சமதரைப் பாதையிலேயே திரும்பினோம். அவளை முன்னால் விட்டேன். கேட் வருவதற்குள் ஐந்து இடத்தில் நின்றாள். ஐந்து தடவையும் மொபைலை எடுக்காமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி வெறுமனே நின்றாள். எனக்குக் கால் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன்.