கறுப்பு முட்டி விழாது

நாள் 12. காலை 7.10

செவ்வாய், வடக்குச் சுரங்கத் தளம், சோதனைக்கூடம். எழுதுபவர் பிரிஜித்தா சவரிராயன். வயது எழுபத்தொன்று. வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. கணினி இயக்கும் இரண்டு செயற்கை முழங்கால்களை ஒப்பிடுகிறேன். கீழ்த்தளத்தில் காலிழந்து காத்திருக்கும் பதினொரு தொழிலாளர்களுக்கு எதைப் பொருத்துவது என்று சொல்ல வேண்டும்.

நீலம்: எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. தாங்கும், தளரும், தானாகத் தள்ளாது. ஐயம் வந்தால் மெல்ல மடிந்துவிடும். கறுப்பு: மோட்டார் உண்டு. படியில் ஆளைத் தூக்கி ஏற்றும். எதிலாவது தடுக்கினால் அந்தத் தடையை உதைத்துத் தள்ளிவிட்டு நிற்கும். அனுபவத்தில் கற்கும். கற்றதை இரவு பத்து மணிக்கு மற்றக் கறுப்பு முட்டிகளுக்கெல்லாம் அனுப்பும்.

இரண்டுமே தொடை எலும்பில் பதித்த கம்பியில் பூட்டப்படுகின்றன. காலிழந்த வேறு இரு தொழிலாளர்கள் முதல் நாளிலிருந்து அணிந்து பார்க்கிறார்கள்: குருசுமுத்துவுக்கு நீலம், வெயிலுமுத்துவுக்குக் கறுப்பு. எனக்கும் கறுப்பு. நான் அணிந்து பார்க்காததை இன்னொருவருக்கு மாட்டுவதில்லை. தவிர, கறுப்பில் கைப்பிடியைத் தொடாமல் படியேறுகிறேன். யாரும் என் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க ஓடி வருவதில்லை.

நாள் 15. மாலை 4.30

சரிவுச் சோதனை. தலைக்கவச ஒலிவாங்கியில் பதிவானது:

குருசுமுத்து: “டாக்டரம்மா, இந்த நீலத்துக்கு பக்தி ஜாஸ்தி. நின்ன எடத்துலல்லாம் மண்டி போடுது.”

வெயிலுமுத்து: “அப்படியே ஜெபத்த முடிச்சிட்டு மேல வாலே. நான் டீயே குடிச்சாச்சு.”

குருசுமுத்து: “ஆடாத. அந்தக் கருப்பன் ஒருநா ஒன்னிய விட்டுட்டுத் தனியா நடக்கப் போறான், பாத்துக்க.”

தள அதிகாரி நம்பெருமாளுக்கு எட்டுப் பக்க அறிக்கை அனுப்பினேன். பதில்: “மேடம், இதெல்லாம் யாரு படிக்கிறது? ஒரே நம்பர் சொல்லுங்க. எது எத்தனை தடவ விழுந்துச்சு?”

நீலம் ஒன்பது முறை. கறுப்பு ஒருமுறையும் இல்லை.

நாள் 17. ஞாயிறு. இரவு 8.00

ஞாயிறுதோறும் கிடங்கில் கபடி. வெயிலுமுத்து கறுப்போடு ஆடுகிறார் என்று இன்றுதான் தெரிந்தது. மூன்று ஞாயிறாக ஆடுகிறாராம். பாடி வருகிறவரின் கணுக்காலைப் பிடிப்பது இவர்கள் வழக்கம். இன்று பிடித்தவர்களில் ஒருவருக்கு விரல்கள் முறிந்தன. இன்னொருவர் மூன்று பற்களைத் துப்பினார். கிடங்கே கைதட்டியது.

முட்டிக்கு ஆட்டம் தெரியாது. ஒரு கை பிடித்தது, உதைத்தேன், விழவில்லை, ஆகவே சரி. அது கற்றது அவ்வளவே. இரவு பத்து மணிதோறும் என் காலும் அதையே கற்றிருக்கிறது.

ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். நம்பெருமாள்: “ஞாயித்துக்கெழம கபடியும் இல்லேன்னா இவனுங்க ஒருத்தன ஒருத்தன் கடிச்சுக் குதறிடுவானுங்க மேடம். விடுங்க.”

நாள் 18. பிற்பகல் 2.20

குருசுமுத்து இறந்துவிட்டார்.

சுரங்கப் பாதையில் வெயிலுமுத்துவின் கறுப்புக் கால் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கக் குருசுமுத்து மண்டியிட்டு அதன் கெண்டைப் பகுதியைப் பற்றினார். கால் விடுபட்டதும் முதல் உதை தாடையில். கையுறை அந்தக் காலின் கொக்கியில் சிக்கியதால் அவரால் பிடியை விட முடியவில்லை. பிடி இருக்கும்வரை தடை இருக்கிறது. முட்டி மீண்டும் மீண்டும் உதைத்தது.

பதிவில் இருப்பது:

“கைய எடுலே குருசு! எடு!”

“சிக்கிட்டுடே... மக்கா, நிப்பாட்டு...”

“நான் இல்லடா! நான் இல்ல!”

அதன்பின் உதைக்கும் ஓசை மட்டும். கையுறை கிழிந்தபோது அது நின்றது. நான் போனபோது முகம் என்று ஒன்று இல்லை. பெயர்ப்பட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மாலை 3.40

வெயிலுமுத்துவையும் என்னையும் சோதனைக்கூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் நம்பெருமாளின் குரல்:

“ரெண்டு பேருக்கும் கபடியில பகை. கொன்னுட்டான். முட்டி மேல பழியப் போடுறீங்களா? நீங்களும் அதையேதான் மாட்டியிருக்கீங்க, நீங்க யாரையும் கொல்லலையே.”

“என் காலை யாரும் பிடிக்கவில்லை. பதினொரு பேருக்கும் பொருத்துகிறவர்கள் பிடிப்பார்கள். நிறுத்துங்கள்.”

“கறுப்பு விழல மேடம். முடிவாயிருச்சு. ராத்திரி பத்துக்குப் பாடம் ஏறும், காலையில மாட்டுவாங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மாலை 5.15

வெயிலுமுத்து முட்டியின் பூட்டைக் கழற்றச் சொல்லி அழுதார். சாவி என்னிடம் இருக்கிறது. பூட்டு முட்டிக்கு மேலேதான். தொட்டேன், உதை என் காதருகே சென்று அலமாரியைப் பிளந்தது. அவரே தொட்டார். மணிக்கட்டு முறிந்தது.

“டாக்டரம்மா, இது என் காலே இல்ல. குருசு கண்ணு என்னையே பாத்துச்சும்மா. கழட்டாம நான் தூங்க மாட்டேன்.”

நான் தடுக்குமுன் கடப்பாரையை எடுத்து முட்டிக்கும் கம்பிக்கும் இடையே செருகி நெம்பினார். முட்டி கடப்பாரையை உதைத்தது. அதன் முனை அவர் இடது தொடையில் இறங்கி மறுபுறம் வந்தது. இரத்தம் சுவரில் என் உயரத்துக்குப் பீறிட்டது. பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன். கதவை அடித்தேன். யாரும் வரவில்லை.

மாலை 6.05

அவன் போய்விட்டான். வயது இருபத்தொன்பது. கறுப்புக் கால் இன்னும் துடிக்கிறது.

மாலை 6.30

யோசித்தாயிற்று. எழுதி வைக்கிறேன்.

உதைத்தபின் ஆள் விழுந்தால் அந்த உதை தவறு என்று முட்டி குறித்துக்கொள்ளும். வெயிலுமுத்து ஒருமுறையும் விழவில்லை. ஆகவே பத்து மணிப் பாடம் போகுமுன் யாராவது விழ வேண்டும். இங்கே கறுப்பு அணிந்து உயிரோடிருப்பது நான் ஒருத்திதான்.

செவ்வாயில் உடல் மெதுவாக விழுகிறது. தரையில் சாய்ந்தால் அதை வீழ்ச்சி என்று முட்டி ஏற்காது. சோதனைப் படிக்கட்டின் உச்சியிலிருந்து விழ வேண்டும்.

அவன் தொடையிலிருந்து பெல்ட்டைக் கழற்றினேன். கண்ணி போட்டு, மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் கட்டி, கண்ணிக்குள் காலை விட்டு இழுத்தேன். உதைத்தது. கம்பி வளைந்தது.

காலை உருவிக்கொண்டு கைப்பிடியை விட்டேன்.

இரவு 7.20

பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் உதை, பிறகு வீழ்ச்சி. இடது விலா உடைந்தது, இரண்டாக இருக்கலாம். முட்டி ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தப் பார்க்கிறது. அதை மீறித்தான் விழ வேண்டியிருக்கிறது. இவ்வளவு காலம் விழாமலிருக்கப் பட்ட பாட்டை விட இது கடினம்.

இரவு 8.50

எண்ணிக்கை தவறிவிட்டது. தவறியதில்லை எனக்கு. முப்பதுக்கு மேல். வாயில் இரத்தம். வலது தோள் வெளியே வந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன், எழுத்து அழகாக இல்லை, மன்னிக்கவும்.

உதை குறைகிறது. கம்பி அதிர்வதோடு சரி.

இரவு 9.40

பெல்ட்டை இழுத்தால் முட்டி தளர்கிறது. ஆனால் பெல்ட் கை அல்ல. கையால் பார்க்காமல் கையொப்பமிட மாட்டேன். ஏறி ஒருமுறை. இன்னும் ஒருமுறை

இரவு 10.00

பாடம் போய்விட்டது. பச்சை விளக்கு. திரையில் வருவது: கறுப்பு, வீழ்ச்சி, நாற்பத்தாறு. நம்பெருமாள் கேட்ட ஒரே நம்பர்.

இரவு 10.10

என் காலைப் பிடிக்கப் போகிறேன். குனிந்தால் முகம் முட்டிக்கு நேரே வருகிறது. வேறு வழியில்லை. இதன் கீழே எதுவும் எழுதப்படவில்லை என்றால் யாருக்கும் கறுப்பை மாட்டாதீர்கள்.

இரவு 10.12

பிடித்தேன். நடுங்கியது. மடிந்தது.

மூன்று முறை பார்த்தேன். மடிகிறது.

இரவு 10.30

எழுந்து நிற்கப் பார்த்தேன். நிற்கவில்லை. அது இப்போது விழ மட்டும்தான் கற்றிருக்கிறது. பதினொரு பேரும் விழுவார்கள். என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். பொருத்துகிறவர்கள் உயிரோடு வீட்டுக்குப் போவார்கள்.

குளிர்கிறது. இரத்தம் உள்ளே எங்கோ. பையன் அருகில்தான் கிடக்கிறான். அவன் கால் அடங்கிவிட்டது, பத்து மணிக்கே.

கதவைத் திறந்து வருகிறவர்களுக்கு: பயப்பட வேண்டாம். என்னைக் காலைப் பிடித்தே தூக்கலாம்.