கழித்துப்போட்ட பதினொரு தாள்கள்

கோவில்பட்டி
20-11-1983

சங்கரபாண்டிக்கு,

வணக்கம். பேசாமல் இருந்தது போதும். உனக்குக் கடைசியாக எழுதி ஏழு வருஷம் ஆகிறது. அதுவரை கையெழுத்துப் போட்டு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இனி இவனுக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாத ஒரு காரியம் வந்திருக்கிறது. பழைய சண்டையும் நடுவில் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

ஊரில் ஐப்பசி முழுக்க வானம் ஏமாற்றிவிட்டது. கார்த்திகை பிறந்த பிறகுதான் மண் நனைந்தது. பருத்தி தப்பிக்கும் என்கிறார்கள். நான் அதே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கடம்பூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். கோமதியம்மாளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது. என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிட்டு, போளி வாங்கி என் கையில் திணித்து, சங்கரபாண்டி உனக்காவது காயிதம் போடுதானா, ரெண்டு பேரும் ஒரு இலையில சாப்பிட்டவங்கல்லா என்று கேட்டார்கள். போடுதான் அம்மா என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யை உண்மையாக்கும் பொறுப்பு உன்னுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதயத் துடிப்பைத் தானே படித்துத் தானே தீர்ப்புச் சொல்லும் உங்கள் கருவி சோதனைக்காக இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. தை மாதம் முதல் இன்னும் இருபத்தாறு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப்போவதாகப் பத்திரிகையில் உன் படத்தோடு போட்டிருந்தார்கள். முடி கொட்டியிருக்கிறது உனக்கு.

ஐப்பசி முதல் வாரம் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அய்யாத்துரை எனக்கு ஆள் அனுப்பினார். கோடெல்லாம் தடிச்சு விழுது சார், எர்த்தை ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க என்றார். கரிசல் மண் காய்ந்து வெடித்தால் எர்த் கம்பி மண்ணை விட்டு விலகிவிடும், கரண்டின் இரைச்சல் துடிப்போடு கலந்துவிடும் என்பது இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். கோடு மெலிந்து சுத்தமாயிற்று.

கருவிக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அண்ணாச்சி, நீங்க அந்த வருசம் எங்க ஊருல குழிக்குள்ள தண்ணி ஊத்துன ஆளுல்லா என்றாள். புதூர்ப் பக்கம் நாம் துடிப்புப் பதிவெடுக்கப் போன மூன்றாவது ஊர்க்காரி, வெயிலம்மாள். குடிக்கத் தண்ணியில்லாம நாங்க நாலு மைல் நடந்தோம், நீங்க மண்ணுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தீக, மண்ணு பொழச்சுதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

அய்யாத்துரை அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெஞ்சு தாறுமாறாக ஓடுகிறது, சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் உட்கார்ந்துவிட்டது என்றார். மேலறை சுருங்காமல் நடுங்குகிறதாம். அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கருவி சீட்டைத் துப்பியது. நார்மல் என்று.

எனக்கு அந்த ஊரின் பெயர் மண்டைக்குள் அடித்தது. வீட்டுக்கு வந்து பழைய பையை எடுத்தேன்.

அந்தப் பை உனக்கு நினைவிருக்கும். எழுபத்து நாலு மே மாதம் நாம் இருவரும் நூற்றறுபது பேரின் துடிப்பைப் பதிவு செய்தோம். நல்ல இதயம் இப்படித்தான் இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குக் கற்பிக்க அந்தப் பதிவுகள்தான் பாடம். அதில் பதினொன்றை நான் கழித்துப்போட்டேன். கோடு நடுங்குகிறது, துடிப்புக்கு இடையில் இடைவெளி தாறுமாறு, எல்லாம் எர்த் கோளாறு என்று தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதினேன். நீ கூட, நிச்சயமாடா என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. மெட்ராஸ்காரர்களுக்கு மண் தெரியாது, நான் கயத்தாற்றில் உழுது பிழைக்கும் சம்சாரி மகன், எனக்கா சொல்லித் தருகிறாய் என்றேன். கடம்பூர்க்காரனை மெட்ராஸ்காரனாக்கிவிட்டேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய்.

அதே வருஷம் கார்த்திகையில் நம் ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. ஆராய்ச்சி அழகாக வரவேண்டும் என்பதற்காக இவன் பதிவுகளை ஒளிக்கிறான் என்று. நாலே நாளில் விசாரணை, பதினைந்தாம் நாள் நான் வெளியே. மறு வருஷம் கட்டுரை உன் ஒருவன் பெயரில் வந்தது. கணக்கு என்னுடையது, சூத்திரம் என்னுடையது, கம்ப்யூட்டர் அட்டைகளில் துளை போட்டது முழுக்க நான். அந்தக் கடிதத்தை நீ எழுதினாய் என்றே இன்றும் நம்புகிறேன். இல்லையென்றால் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது இல்லையென்று சொல்லியிருப்பாய். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக நினைத்துக்கொண்டு மேலே படிக்காதே.

நான் கழித்தது நியாயம்தான் என்று ஒருநாள் உங்கள் முகத்தில் எறிவதற்காகவே அந்தப் பதினொரு தாள்களையும் பத்திரமாக வைத்திருந்தேன். அவ்வளவு நிச்சயமாக இருந்ததால் பிரித்துப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் பிரித்தேன். அளவுகோலும் லென்சும் வைத்துக்கொண்டு எண்ணினேன். கரண்டின் இரைச்சல் என்றால் நொடிக்கு ஐம்பது அலை இருக்க வேண்டும். வெயிலம்மாளின் தாளில் ஏழுதான் இருந்தது. அடுத்ததில் எட்டு. அதற்கடுத்ததில் ஆறு. மூன்று முறை எண்ணினேன். பதினொன்றில் ஐந்துதான் மண்ணின் கோளாறு. ஆறு பேருக்கு நெஞ்சுதான் நடுங்கியிருக்கிறது. காலையிலிருந்து தடித்த கோடுகளையே பார்த்து அலுத்த கண்ணோடு, இதுவும் அதுதான் என்று தள்ளியிருக்கிறேன். மண் தெரியாத ஒருவன் எண்ணிப் பார்த்திருப்பான். எனக்கு மண் தெரிந்ததால் எண்ணவில்லை.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. எதிர்பார்த்த நேரத்தில் வராத துடிப்பை இரைச்சல் என்று தள்ளு, மிச்சத்தைச் சராசரி எடு என்று நான் எழுதிய கட்டளை உங்கள் கருவிக்குள் அப்படியே இருக்கிறது. எந்தத் துடிப்புமே நேரத்துக்கு வராத நெஞ்சு வந்தால், தற்செயலாக நேரத்துக்கு வந்த நாலைந்தை மட்டும் பொறுக்கி, மெழுகி, நார்மல் என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறது.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஆறு பேரைத் தேடிப் போனேன். இரண்டு பேர் பிழைக்கப் போனவர்கள், இருக்கும் இடம் தெரியவில்லை. மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள், அவர்களில் ஒருத்தி வெயிலம்மாள். ஆறாவது ஆள் கொம்பையா உயிரோடு இல்லை. நாலு வருஷத்துக்கு முன் வரப்பில் மம்பட்டியோடு விழுந்து, வலது பக்கம் இழுத்து, எட்டு நாள் கிடந்து போயிருக்கிறார். அவர் மனைவி அழகுத்தாய் எனக்கு மோர் கொடுத்தாள். அன்றைக்கு மிசினு வச்சுப் பாத்தீகளே, அப்ப நல்லாத்தான இருந்தாக என்றாள். நான் மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

வெயிலம்மாள் மாத்திரை சாப்பிட மறுக்கிறாள். அவள் புருஷன் பிச்சையா உங்கள் சீட்டை நாலாக மடித்து மடியில் வைத்திருக்கிறான். அய்யாத்துரை கூப்பிட்டால் போவதில்லை. நானும் போய்ச் சொன்னேன். அவன் சீட்டை விரித்துக் காட்டி, இது கவர்மெண்டு மிசினு, ஆளப் பாத்துப் பேசாது, நீங்க எர்த் பாக்க வந்தவுக, ஒங்களுக்கு மிசினைவிடக் கூடத் தெரியுமோ என்றான். என் கட்டளையை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. தை மாதம் அந்த இருபத்தாறு கருவியும் வெளியே வரக்கூடாது. பதினொரு தாளும் இதோடு இருக்கின்றன. அவற்றின் காந்த நாடாக்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். அந்த ஆறையும் நோயுள்ள நெஞ்சுக்குப் பாடமாகக் கணக்கில் சேர். என் கட்டளையை எடுத்து எறி. துடிப்பு நேரம் தவறினால் தள்ளாமல், எவ்வளவு தவறுகிறது என்று எண்ணச் சொல். எப்படி என்று தனித்தாளில் நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். யார் பெயரில் வேண்டுமானாலும் வரட்டும்.

இன்னொன்று. உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரைத் தாளில், அந்தச் சீட்டு தவறு, டாக்டர் சொல்வதைக் கேள் என்று வெயிலம்மாளுக்குத் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பு. அதில் உன் கையெழுத்து இருக்க வேண்டும். பிச்சையா அதைத்தான் நம்புவான். இந்த மாதத்துக்குள் அனுப்பு. அவள் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அந்த மொட்டைக் கடிதத்தில் சொன்ன நோக்கம் பொய். பதிவுகளை ஒளித்தான் என்பது மட்டும் உண்மையாகப் போய்விட்டது. ஒன்பது வருஷம் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மணி நேரம் எண்ணியிருந்தால் கொம்பையா இருந்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் உன் பொறுப்பில்லை, என்னுடையது.

உன் மனைவி பெருமாயியை விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு ஒரு கார்டு போடு. உன் கருவி நல்லபடி ஓடட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். ஒளிந்துகொள்ள அல்ல. இரண்டாவது வரியிலேயே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் விசாரணை நடந்த வருஷம் உங்கள் அலுவலகத்தில் ஒரு விதி போட்டார்கள். வரும் தபாலையெல்லாம் வாசலிலேயே பிரித்துப் பார்ப்பார்கள், கையெழுத்துள்ள கடிதம் அந்தந்தப் பிரிவுத் தலைவர் மேஜைக்குப் போகும். கையெழுத்தில்லாத கடிதத்தை முத்திரை போட்டு அன்றைக்கே இயக்குநரிடம் கொண்டுபோக வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட மூன்றும் உன் மேஜைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டன. இது தங்கக்கூடாது. இயக்குநர் படித்துவிட்டு உன்னைக் கூப்பிடட்டும். அப்போது கருவியில் தவறு இல்லையென்று மட்டும் சொல்லாதே.

பதிவுத் தபால் என்றால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள். சாதாரணத் தபாலிலேயே, கனத்துக்கு வேண்டிய ஸ்டாம்பு ஒட்டி, நாளை காலை முதல் தபால் கட்டு எடுப்பதற்கு முன் நானே ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுகிறேன். பெயர் இல்லாமலே போகட்டும்.