மூன்றாம் எண் பூட்டு

நாள் 611 | காலை 07:10
டைட்டன், நீர்முள்ளி நிலையம். எழுதுவது தில்லைக்கரசி, தரவுதளப் பொறியாளர். உள்ளே இரண்டு பேர்: நானும் கலப் பொறியாளர் ஜெபசீலனும். காற்று, மின்சாரம், அழுத்தம் சரி.

இதைப் பிற்பாடு படிப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே காற்று, கதவு, சோறு எல்லாம் ஒரே தரவுதளத்தில் இருக்கின்றன. அதைத் திறக்கும் நிரல் நூலகத்தில் பூட்டுகளுக்கு நிலையான எண்கள் உண்டு. ஒன்று, படிக்க மட்டும். இரண்டு, சந்தேகப் பூட்டு: திறந்தவர் மூடும்வரை அந்தப் பதிவை வேறு யாரும் தொட முடியாது. மூன்று, நம்பிக்கைப் பூட்டு: உண்மையில் பூட்டே இல்லை, நாம் எழுதி முடிப்பதற்குள் வேறு யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பிக்கொள்வது. நான்கும் உண்டு, நாங்கள் தொட்டதில்லை.

நான் எப்போதும் மூன்று. ஜெபசீலன் எப்போதும் இரண்டு. உப்புமா தின்றதைக்கூட இரண்டு போட்டுத்தான் பதிவு செய்வான். இன்று வெளியே துளை போட்டுக்கொண்டிருந்தவனிடம் ரேடியோவில் கேட்டேன்.

"ரெண்டே பேரு இருக்கற எடத்துல எதுக்குடா பூட்டு?"

"நாரோயில் பஸ்ஸுல வளந்தவன் அக்கா. மொதல்ல ஜன்னல் வழியா துண்டப் போடணும். பெறவுதான் ஏறணும்."

ரொம்ப நேரம் சிரித்தேன். உப்புமாவில் உப்பில்லை.

நாள் 618 | மாலை 16:25
பனிப்பாறை சரிந்தது. ஆக்சிஜன் ஆலை பாதி நசுங்கிவிட்டது. மிஞ்சிய காற்று இருவருக்கு நாற்பது நாள், ஒருவருக்கு எண்பது. அடுத்த கப்பல் வர எட்டு மாதம்.

வீடு போக ஒரே வழி மேலே சுற்றும் தாய்க்கலம். அதுவரை ஏறிப்போக எங்களிடம் இருப்பது ஒரே ஓர் ஏறுகலம். நான்கு வருடப் பயணம், தூங்கிக்கொண்டுதான் போக முடியும். அதிலிருந்த இரண்டு உறக்க இருக்கைகளில் ஒன்று போன மாதமே பழுது.

பூமியிலிருந்து: "இருக்கை யாருக்கு என்பதை இருவரும் பேசி முடிவு செய்து, இருக்கைப் பதிவில் பெயரை எழுதவும்."

நோகாமல் நுங்கு தின்கிறார்கள்.

நாள் 619 | பகல் 12:40
ஏறுகலத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் ரேடியோவில் தானாகவே சொன்னான்.

"நீங்க போங்கக்கா. ஒங்களுக்கு பிள்ள இருக்கு. எனக்கு ஆரு இருக்கா?"

அழுதேன். இந்தப் பையன் எனக்குத் தம்பியாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாள் 620 | காலை 09:05
மகள் குயிலிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: "அம்மா வர்றேன்." பூமியை எட்ட ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.

இருக்கைப் பதிவைத் திறந்தேன். பெயர் காலி. பூட்டு, வழக்கம்போல் மூன்று. எடை, ரத்த அழுத்தம், நுரையீரல் அளவு எல்லாம் கேட்கிறது. ஜெபசீலன் ரேடியோவில்: "மெதுவா அளந்து போடுங்கக்கா. நான் கலத்தச் சூடாக்கி வைக்கேன்."

காலை 09:40
சேமித்தேன். நூலகம் மறுத்தது: "நீங்கள் படித்த பின் இப்பதிவு மாறியுள்ளது."

இரண்டே பேர் இருக்கும் இடத்தில் யார் மாற்றுவது? கதிர்வீச்சில் நினைவகம் கெட்டிருக்கும். மறுபடி திறக்கிறேன்.

காலை 09:44
பெயர்: ஜெபசீலன். எடை: 71. பூட்டு: 2.

காலை 09:52
தரை அதிர்ந்தது. ஏறுகலம் போய்விட்டது.

காலை 10:30
"மன்னிச்சிருங்கக்கா. நேத்து சொன்னப்போ மனசார தான் சொன்னேன். ராத்திரி பயம் வந்துட்டு. நீங்க எப்பவும் மூணுதான போடுவீங்க, எனக்குத் தெரியும்."

தெரியும். அதை வைத்தே நேரம் கணக்கிட்டிருக்கிறான். நான் தராசில் நின்றுகொண்டிருந்தேன். கலத்தைச் சூடாக்குகிறான் என்று அவனுக்காக ஃபிளாஸ்கில் காபி வேறு ஊற்றி வைத்திருந்தேன். பாவி. படுபாவி.

பகல் 12:05
பூமியிலிருந்து, குயிலியின் குரல்: "அம்மா, நீ வர்றப்ப நான் எட்டாவது போயிருப்பேன்ல? கூட்டிட்டுப் போக நானும் வருவேன். ஜன்னல் சீட்டுல வா."

மூன்று முறை கேட்டேன்.

பகல் 12:20
தாய்க்கலத்தின் கதவு இந்தத் தரவுதளத்தைக் கேட்காமல் திறக்காது. அவன் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

கதவுப் பதிவைத் திறந்தேன். பூட்டு: 2. இந்த நிலையத்தில் நான் போட்ட முதல் இரண்டு.

பகல் 13:10
"அக்கா, கதவு தெறக்க மாட்டேங்குது. பதிவு பூட்டிக் கெடக்கு."

பதில் அனுப்பவில்லை. இருக்கைப் பதிவு அவன் பூட்டில். கதவுப் பதிவு என் பூட்டில். ஏறுகலத்தில் காற்று மூன்று நாள். இறங்கி வர எரிபொருள் உண்டு, இன்னொரு முறை ஏறவும் உண்டு. இறங்கி வந்தால் ஏறுவது நான். அவனுக்கு இங்கே எண்பது நாள். எட்டு மாதம் எண்பது நாளில் அடங்காது என்று இருவருக்கும் தெரியும்.

நாள் 621
தூங்கவில்லை. கதவுப் பதிவு திறந்திருக்கும் திரையை விட்டு நகரவில்லை. மூடினால் ஒரு நொடியில் உள்ளே போய்விடுவான்.

"அக்கா ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன்"

நாள் 622
"அக்கா. தில்லைக்கா. ஒரு செக்கண்டு பூட்ட எடுங்க. நீங்க இப்பிடி ஆள் இல்லியே."

இல்லைதான். மூன்று போட்டவள் அப்படி இல்லை.

நாள் 623 | காலை
அவன் காற்று இன்று முடியும். குரல் இழுக்கிறது.

"அக்கா... இருக்கை... காலியாத்தான கெடக்கு..."

முதல் முறையாகப் பதில் அனுப்பினேன். பஸ்ஸில் வளர்ந்தவனுக்குப் புரியும்.

"துண்டு கெடக்குறது தெரியல? ஆள் வருது."