வால் வெளியே சுற்றிய டேப்

என் தங்கமான சரோஜாக்காவுக்கு,

அம்மா சௌக்கியம். முழங்கால் வலிதான் கொஞ்சம் படுத்துகிறது, வாய் பழையபடிதான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு யமுனைக்கு இந்தப் பக்கம் மயூர் விஹாருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே நினைத்தபோதெல்லாம் கரண்ட் போகிறது. உன் பழைய கூலரை நான் விற்கவில்லை. அம்மா திட்டத் திட்டக் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் வழக்கம்போல மனசுக்குள்ளேயே உன்னிடம் சொல்லியிருப்பேன். எழுதி, தில்லித் தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கும் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மனிதர் மீது எனக்குத் தீராத ஆத்திரம். அது உன் காதில் மட்டும் விழுந்தால் போதாது.

அவர் பெயரை எழுத மாட்டேன். உன் பெயரை அவர் விட்டார், அவர் பெயரை நான் விடுகிறேன். நாம் இருவரும் வைத்த பெயரே இருக்கட்டும்: பஷ்மினா. மே, ஜூன் தவிர மற்ற எல்லா மாதமும் அந்தப் பஷ்மினா சால்வை அவர் தோளில் கிடக்குமே, நினைவிருக்கிறதா? 'குளிருக்கா போடுதாரு, மனுசன் பாக்கணும்னு போடுதாரு' என்று நீ சொல்லிச் சிரிப்பாய். ஆனாலும் அவர் மீது உனக்கு மரியாதை இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா, பாடப்படங்கள் எடுக்கும் ஓர் அரசாங்க ஆபீஸில் ஒலிப்பதிவு உதவியாளர். படத்துக்கு வேண்டிய சத்தங்களைப் பிடித்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவது வேலை. வெட்டிப் போட்ட துண்டுகளைச் சேர்த்துவைத்து, சனிக்கிழமை மதியங்களில் ஆபீஸ் மெஷினிலேயே தனக்கென்று ஒன்று செய்துகொண்டிருந்தாள். ராகம் இல்லை, தாளம் இல்லை, பாட்டு இல்லை. கூலர், பிரஷர் குக்கர், மாடிப்படியில் உருண்டு வரும் காஸ் சிலிண்டர், அம்மா கைதவறிப் போட்ட எவர்சில்வர் தட்டு. இவற்றை மெதுவாக்கி, வேகமாக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இருபது நிமிஷம், அரை மணி என்று கட்டுவாள். சத்தத்தோடு படம் காட்டுவது என் வேலை. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே மஞ்சள்பொடி, இங்க், நகப்பூச்சு, வெங்காயச் சருகு என்று வைத்து ஸ்லைடு செய்வேன். இரண்டு ப்ரொஜக்டர்களை வைத்துக்கொண்டு, லென்ஸுக்கு முன்னால் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒரு படத்தை இன்னொன்றில் கரைப்பேன்.

வீட்டுச் சுவரில் வேட்டியைக் கட்டி நாம் முதலில் காட்டியபோது அம்மா பாதியில் எழுந்து போனாள். பக்கத்து வீட்டுக்காரர், ஃபேனில் ஏதோ கோளாறு என்று கதவைத் தட்டினார். இதுவும் இசைதான் என்று சொன்ன ஒரே ஆள் பஷ்மினா. உன் ஆபீஸுக்குக் கலை ஆலோசகராக வந்தவர், வெளிநாட்டில் இந்த மாதிரி இசை நிறையக் கேட்டவர். சனிக்கிழமை மெஷினுக்கு அனுமதி வாங்கித் தந்ததும் அவரே. நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் கையால் ஓர் அங்குல டேப்பை வெட்டி ஒட்டி நீ பார்த்திருக்கிறாயா?

ஏஷியாட் விளையாட்டுகள் முடிந்த மறு வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்றே வாரம். துக்கம் கேட்க வந்த பஷ்மினா, நான் ஆபீஸ் போயிருந்த மதியத்தில் இன்னொரு தரம் வந்தார். சரோஜாவின் டேப்புகள் இந்தச் சூட்டில் வீணாகப் போய்விடும், ஏ.ஸி. அறையில் பத்திரமாக வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நம்மாள், தமிழ் பேசுகிறார், அழுகிறார் வேறு. அம்மா பதினொரு பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அக்கா, நானும் சும்மா இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மண்டி ஹவுஸ் பக்கத்து அரங்கம் ஒன்றில் அவருடைய நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். 'பஞ்சபூதம்: மின்னொலி இசை' என்று போட்டு அவர் பெயர். வேறு பெயரே இல்லை. மேடையில் ஒரு மேஜை, அதில் திருகுகளும் சிவப்பு விளக்குகளும். அவர் பின்னால் நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தார். சத்தம் வந்ததென்னவோ பின்னறையில் ஓடிய டேப்பிலிருந்து.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. எங்கிருந்தோ மெல்ல ரீங்காரமாகத் தொடங்கி, பெருத்து, பெருத்து, சட்டென்று அறுந்தது. அம்மாவின் தட்டு! தரையில் விழுந்து ணங்கென்று அடித்து அடங்க வேண்டிய தட்டு, அடங்கலில் தொடங்கி அடியில் முடிந்தது. உன் 'மே மாத மதியம்' தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது அக்கா.

எப்படி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுற்றிவைத்த டேப்பில், வெயில் காலத்தில் ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். அது நிஜச் சத்தத்துக்கு முன்னால் கேட்டுத் தொலைக்காமல் இருக்க, முடிவு வெளியே இருக்கும்படி நீ சுற்றிவைப்பாய். போடுவதற்கு முன் மறுபடி ஒரு தரம் சுற்ற வேண்டும். பெட்டிமேல் எழுதியும் வைத்திருந்தாய்: 'வால் வெளியே. சுற்றிப் போடவும்.' பஷ்மினா தில்லியில் பிறந்த தமிழர். பேசுவார், தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது.

கடைசியில் ஒரு பெண்குரல், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து என்னவோ பேசி நின்றது. ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் ஆபீஸ் பழக்கப்படி நீ அறிவிப்பு சொல்வாயே, அது. உன் பெயரைத் தலைகீழாகக் கேட்டுவிட்டு சபை கை தட்டியது.

பஷ்மினா பிறகு விளக்கம் கொடுத்தார். நம் இந்திய மனதுக்கு விளைவு முந்தி, காரணம் பிந்தியாம். அதனால்தான் ஒவ்வொரு ஒலியும் மரணத்தில் தொடங்கிப் பிறப்பில் முடிகிறதாம். கடைசிக் குரல், மொழி தோன்றுவதற்கு முந்தைய மனிதக் குரலாம். எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் பேசட்டும், இன்னும் உயரத்தில் ஏறட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பத்திரிகையில் இதையே கட்டுரையாகவும் எழுதினார். அதை வெட்டி எடுத்து பீரோவில் வைத்தேன்.

அன்று கூட்டம் கலைந்ததும் பின்னறைக்குப் போய் அரங்கத்தின் ஒலி ஆபரேட்டரைப் பார்த்தேன். குர்பசன் சிங் என்று ஒரு வயதான சர்தார்ஜி. டேப்பைத் தலைகீழாக ஓட்டிவிட்டீர்களே என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, இந்தச் சங்கீதத்தில் எது நேர், எது உல்டா என்று கொடுத்தவருக்குத்தானே தெரியும், மகளே என்றார். யார் செய்தது என்று சொன்னேன். டேப்பை வழக்கம்போலப் பழைய சக்கரத்துக்கே சுற்றிக்கொண்டிருந்த மனுஷன் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார்.

மறு வருஷம் பஷ்மினா ஒரு டப்பா பர்ஃபியோடு நம் வீட்டு வாசலில் நின்றார். அதே அரங்கத்தில் மறுபடியும் பஞ்சபூதம், வெளிநாட்டிலிருந்து ஆள்கள் வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கே பெரிய விழாவுக்கு அழைப்பு. ஒலியோடு ஒளியும் வேண்டுமாம்.

"ஸ்லைட்ஸ் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, வனஜா? நீங்களே வந்து ஆபரேட் பண்ணுங்க. ப்ரோக்ராம்ல உங்க பேர் போட்டுடலாம்."

"அக்கா பேரு?"

"அவங்க டெக்னிகல் ஹெல்ப்தானே பண்ணாங்க. அச்சா, தாங்க்ஸ்ல போட்டுடறேன்."

சரி என்று சொல்லிக் காபி கொடுத்தேன் அக்கா. சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அச்சிட்டு வந்த காகிதத்தில் அந்தத் தாங்க்ஸும் இல்லை.

நிகழ்ச்சியன்று மதியமே போய் ப்ரொஜக்டர்களை வைத்தேன். பஷ்மினா வந்து மேஜை விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, டேப்பைப் பின்னறையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் குர்பசன் சிங்கிடம் போனேன். கெஞ்ச வேண்டும் என்று தயாராக வந்திருந்தேன். அவர் ஏற்கெனவே டேப்பை அடுத்த சக்கரத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, செய்தவளின் தங்கை சொன்னாள், எனக்கு அது போதும் என்றார்.

விளக்கு அணைந்தது. பஷ்மினா திருகில் கையை வைத்தார். முதலில் வந்தது உன் குரல்.

"மே மாத மதியம். ஒலி, சரோஜா. படம், வனஜா. கிட்வாய் நகர், தில்லி."

அதே நொடியில் என் முதல் ஸ்லைடைத் தள்ளினேன். கண்ணாடியில் கறுப்பு மையால் எழுதியது, திரை முழுக்க உன் பெயர், தமிழில், ஹிந்தியில், இங்கிலீஷில். பஷ்மினா திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் சிவப்பு விளக்கின் வெளிச்சம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மேடையை விட்டு ஓடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நிறுத்துகிற திருகு ஒன்றும் அந்த மேஜையில் கிடையாது. இருபத்திரண்டு நிமிஷம் நின்றார். தட்டு ஒழுங்காக விழுந்தது, சிலிண்டர் ஒழுங்காக உருண்டது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீ முகம் சுளிப்பாய். இரு, சொல்லிவிடுகிறேன். கை தன் பாட்டுக்கு அட்டையை நகர்த்தியது, கண் அவரை விட்டு நகரவில்லை. அத்தனை வருஷம் கழித்து உன் இசை நேராக ஒலித்தது, நான் அதைக் கேட்கவே இல்லை.

இன்னொரு தப்பும் செய்தேன். அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் கூட்டிப்போயிருந்தேன். உன் குரல் வந்ததும் அவள் இருட்டில் எழுந்து நின்றுவிட்டாள். கடைசிவரை உட்காரவே இல்லை. அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். மூக்கு உடைந்தது, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மறைந்த சக ஊழியர் ஒருவருக்கு நான் செலுத்தும் அஞ்சலி இது, சொல்லாமல் வைத்திருந்தேன், உங்களைத் திகைக்க வைக்க, என்றார்! சபை எழுந்து நின்று கை தட்டியது. அவருக்கு. வெளியே வரும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "தனியா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "தனியா நீங்க கேட்டிருக்கலாமே" என்றேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. பதினொரு டேப்பும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் உன் குரல் இருக்கிறது என்பதை அவருக்கு நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். எங்கே வெட்ட வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை கிளம்பினேன். அம்மா எனக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, நாந்தானே எடுத்துக் குடுத்தேன். நாந்தான் கேக்கணும்."

ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் போய் அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தோம். அவர் மனைவி டீ கொண்டுவந்தார், அம்மா தொடவில்லை. எம்பொண்ணு சாமானைக் குடுங்க என்று மட்டும் சொன்னாள், அவர் என்ன பேசினாலும் அதையே சொன்னாள். அரை மணியில் பதினொரு பெட்டியும் வந்தன. அங்கேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்றில் புது ஒட்டு. அன்று காலைதான் வெட்டியிருக்கிறார், பிளேடு மேஜைமேலேயே கிடந்தது. தொடக்கத்து அறிவிப்பை எடுப்பது சாதாரண டெக்னிகல் வேலை என்றார். குப்பைக்கூடையை அவர் கார்ப்பெட்டில் கவிழ்த்துத் தேடினேன். ஒன்றுமில்லை. குப்பை எடுக்கிற ஜமாதார் வந்து அள்ளிப் போய்விட்டானாம். மூன்று அறிவிப்பு, மூன்று தரம் உன் பெயர், ஊர்க் குப்பையோடு போயிற்று.

விட்டுவிடுடி வனஜா என்பாய். மாட்டேன். அவர் இப்போதும் மேடை ஏறுகிறார், அஞ்சலி செலுத்திய பெரிய மனசுக்காரர் என்று பெயர் வேறு. மன்னிக்கும் குணம் உன்னோடு போய்விட்டது அக்கா, என்னிடம் இல்லை, வேண்டவும் வேண்டாம்.

ஒன்று சத்தியம் செய்கிறேன். வருகிற குளிரிலிருந்து வருஷம் ஒரு மாலை உன் டேப்புகளை நானே போடுவேன். சங்கத்துக் கூடமோ, பள்ளிக்கூட ஹாலோ, எது கிடைத்தாலும். எட்டு டேப்புக்கு நீயே சொல்லிக்கொள். அந்த மூன்றுக்கும் டேப் ஓடுவதற்கு முன்னால், விளக்கை அணைக்காமல், நான் எழுந்து நின்று என் குரலில் சொல்வேன்: ஒலி, சரோஜா. இந்த இடத்தில் அவள் குரல் இருந்தது, வெட்டப்பட்டது. வெட்டியவருக்கும் ஒவ்வொரு வருஷமும் அழைப்பு அனுப்புவேன், நடு நாற்காலி, முதல் வரிசை. அவர் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். யாருக்கு என்று யாராவது கேட்பார்கள். அப்போது அவர் பெயரைச் சொல்வேன்.

என்றும் உன் கூடப்பிறந்தவள்,
வனஜா