லினக்ஸ் வேண்டாம் என்றது நான்தான்

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நலம்தான்.

போன வாரம் இங்கே ஒரு வேடிக்கை. பெட்டி தூக்கும் எங்கள் ரோபோவைப் பார்க்க வெளியாட்கள் வந்திருந்தார்கள். நடுவில் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் போட ஆரம்பித்தது. ரோபோ தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டது. “என்ன, பஸ்ஸை நிறுத்துதா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தது நான். பக்கத்து மேசைப் பெண் அன்றே சொன்னாள்: “அக்கா, ரோபோ வேலைக்கு லினக்ஸ் சிஸ்டம்தான் சரி. எல்லாரும் அதுலதான் புரோகிராம் எழுதுறாங்க.”

“இருபது வருஷமா இதுல குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?” என்று அவள் வாயை அடைத்தேன். உண்மையில் எனக்கு லினக்ஸ் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

“யார் இந்த சிஸ்டத்தைப் போட்டது?” என்று மேலாளர் கத்தினார். நான் சொல்லித்தான் அவள் போட்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஒயரைச் சுருட்டினேன். திட்டெல்லாம் அவளுக்கு. இப்போது என்னை மேடம் என்கிறாள். மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

நம் பாப்பாவின் லினக்ஸ் புத்தகம் பரணில் இருக்கும், அனுப்புங்கள். கூடவே என் பழைய போர்வையையும் வையுங்கள்.

இது கிடைத்ததும் ஃபோன் செய்து, “மேலாளர்கிட்ட சொல்லிட்டியா?” என்று முதலில் கேளுங்கள். நான் பேச்சை மாற்றினால் விடாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மனைவி